ஒரு பிள்ளை போச்சு

கை பாட்டுக்கு ஓடட்டும் மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. வாய்க்கால்ல ஊறப்போட்ட தென்னமட்டை இது. இன்னிக்குக் கீத்தா முடையாட்டி நாளைக்கு நாறிப்போயிடும். அதோட, கையில வேலை இருந்தாத்தான் எனக்குப் பேச்சு வரும். சும்மா உக்காந்து ஒருத்தர் முகத்தைப் பார்த்துப் பேசுன்னா நாக்கு மேலே ஒட்டிக்கும். சின்னதிலேருந்தே அப்படித்தான். அஞ்சாவது வரைக்கும் போனேன். டீச்சர் பேர் கூப்பிட்டா 'உள்ளேன் டீச்சர்'னு சொல்லணும் இல்லையா, நான் கையை மட்டும் தூக்குவேன். அவங்க நிமிர்ந்து பார்த்தா உண்டு. பார்க்கலைன்னா அன்னிக்கு நான் ஆப்சென்ட். பாதி நாள் பள்ளிக்கூடத்துல உக்காந்துகிட்டே வராதவளா இருந்திருக்கேன்.

இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க மேடம். குரல் எழும்பாது எனக்கு. நாற்காலி ஆடும், அந்தக் காலுக்கு ஒரு தேங்காமட்டை முட்டுக் கொடுத்துக்கங்க.

மூத்தார் உங்களுக்குக் குடிக்கக் கலர் வாங்கப் போயிருக்கார். மூத்தார்னா என் வீட்டுக்காரரோட அண்ணன், இப்ப உங்களை வாசல்ல கும்பிட்டு அழைச்சாரே, வைரக்கண்ணுன்னு பேரு. கடை முக்கத்துல இருக்கு. கடைக்காரரோட ஊர்க்கதை பேசாம திரும்ப மாட்டார். அவர் வர்றதுக்குள்ள நான் சொல்லிடணும். வந்துட்டார்னா அவர்தான் பேசுவார், நான் தலையாட்டுவேன். மூணு மாசமா அப்படித்தான் நடக்குது.

ஃபைலை மடியிலேயே வச்சுக்கங்க. கையெழுத்துதானே, எனக்குப் போடத் தெரியும். நீலாவதி, நாலு எழுத்தா பிரிச்சுப் பிரிச்சுப் போடுவேன். ஆனா போடலாமா வேணாமான்னு, நான் சொல்றதைக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

ஃபைல் மேலே ஒட்டியிருக்கே படம், அது என் மகதான். தர்ஷிகா. பேரு பக்கத்து வீட்டுக் காசாம்பூ அக்காவோட மக செல்போன்ல பார்த்து வச்சது. அவருக்கு, என் வீட்டுக்காரருக்கு, நாடிமுத்துன்னு ஊர்ச் சாமி பேரு. அவர் வாயில இந்தப் பேரு நுழையவே மூணு மாசம் ஆச்சு. 'தச்சிகா, தச்சிகா'ன்னு கூப்பிடுவார். அது திரும்பிப் பார்க்காது.

நீங்க வண்டியை நிறுத்தின உடனே கேட்டீங்க, 'பிள்ளை போன இடம் எதும்மா, காட்டுங்க'ன்னு. நீங்களும் பிள்ளைன்னுதான் கேட்டீங்க. வம்பெல்லாம் அந்தச் சொல்லுலதான் மேடம். நீங்க எந்த ஊரு? சென்னையா? சரி. தென்னம்பிள்ளைன்னு முழுசா சொன்னா எந்த ஊர்க்காரருக்கும் புரியும். எங்க ஊர்ல யார் முழுசா சொல்றா? சுத்தி எங்க பார்த்தாலும் தென்னை. வெறும் பிள்ளைன்னுதான் சொல்வோம். 'இந்த வருஷம் எத்தனை பிள்ளை வச்சே?' 'பத்து வச்சேன், மூணு பட்டுப்போச்சு.' 'தண்ணி ஊத்தினாத்தானே பிள்ளை தேறும்?' டீக்கடையில இப்படித்தான் பேசிக்குவாங்க. வெளியூர்க்காரங்க கேட்டா என்ன ஊருடா இதுன்னு நினைப்பாங்க.

தர்ஷிகாவுக்குத் தொப்புள்கொடி விழுந்த அன்னிக்கு, அதை மஞ்சத்துணியில முடிஞ்சு, வாய்க்கால் கரையில குழி வெட்டிப் போட்டு, அதுக்கு மேலே ஒரு பிள்ளை வச்சார் அவர். அவங்க குடும்பத்துல பெண் பிறந்தா அப்படி வைக்கிறது உண்டாம். மகளும் அதுவும் ஒரே வயசு, ஒரே பேரு. காலையில குடத்தைத் தூக்கும்போதே, 'தச்சிகாவுக்கு ரெண்டு குடம் ஊத்திட்டு வாறேன்'ம்பார். இது தொட்டில்ல கிடந்து கத்தும், அவர் அதுக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருப்பார். எனக்குக் கோவமா வரும். அப்புறம் எனக்கே பழகிப்போச்சு. இதுக்கு உடம்பு சூடா இருந்தா, போயி அதோட மட்டையைத் தொட்டுப் பார்த்துட்டு வருவேன். சிரிக்காதீங்க மேடம்.

புயல் உங்களுக்குத் தெரியும், டிவியில பார்த்திருப்பீங்க. எங்க தோப்புல காய்ச்ச மரம் நாப்பத்தொண்ணு. மூணுதான் நின்னுச்சு. மத்ததெல்லாம் ஒண்ணு மேலே ஒண்ணா, சீப்பு வச்சு வாரிவிட்ட மாதிரி ஒரே பக்கமா படுத்துக்கிடந்தது. தாத்தன் காலத்து மரம் மேடம். அவர் அதைப் பார்த்தார். நேரா வாய்க்கால் பக்கம் போனார். கரையே இல்ல. பிள்ளை நின்ன இடத்துல சுழிச்சுக்கிட்டு தண்ணி ஓடுது. அப்பதான் தலையில கை வச்சு உக்காந்தார். முப்பத்தெட்டு மரத்துக்கு அழாத மனுஷன்.

கொடி போட்டு வச்ச பிள்ளையாச்சே. வீட்டுக்கு ஓடி வந்து மகளைத் தூக்கி மார்ல வச்சுக்கிட்டேன். கீழே இறக்கவே இல்ல அன்னிக்கு முழுக்க.

அவர் நாலு நாள் தேடினார் மேடம். மதகு மதகா போயிப் பார்த்தார். வெள்ளம் இழுத்துட்டுப் போனா மதகுலதானே போயி அடையும். எங்கெங்கேயோ ஊர்லேருந்து மரம், கதவு, செத்த ஆடு எல்லாம் அடைஞ்சு கிடந்துச்சாம். நம்ம பிள்ளை இல்ல.

அந்த நாலாம் நாள்தான் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துல கணக்கெடுப்பு வச்சாங்க. இன்னிக்கு எழுதாட்டி விட்டுப்போயிடும்னு தண்டோரா. அவர் மதகுக்குப் போயிட்டார், நான்தான் போகணும். இவளைக் காசாம்பூ அக்காகிட்ட விட்டுட்டுக் கிளம்பினேன். போகும்போது அவர் சொன்னதை மனசுல உருப்போட்டுக்கிட்டே போனேன். காய்ச்ச மரம் முப்பத்தெட்டு, பிள்ளை ஒண்ணு. காய்ச்ச மரம் முப்பத்தெட்டு, பிள்ளை ஒண்ணு. வழியெல்லாம் மரம் விழுந்து கிடக்கு, தாண்டித் தாண்டிப் போறேன், வாய் அதையே சொல்லுது.

எட்டு ஊர் ஜனம் வரிசையில. ஜெனரேட்டர் சத்தம். மேசையில உக்காந்திருந்த சார் வெளி மாவட்டத்துலேருந்து வந்தவராம், சின்ன வயசு, நாலு நாளா தூங்காத கண்ணு. எனக்கு முன்னாடி நின்னவர் அவர்கிட்ட சத்தம் போட்டுட்டுப் போனார். என் முறை வந்ததும் உருப்போட்டது எல்லாம் போச்சு.

"என்னம்மா போச்சு?"ன்னார், தலை நிமிராம.

முப்பத்தெட்டுதான் முதல்ல சொல்லணும். வாயில அது வரல.

"ஒரு பிள்ளை போச்சு சார்."

பேனா நின்னுச்சு. நிமிர்ந்து பார்த்தார்.

"பிள்ளையா?"

"ஆமா சார்."

"வயசு?"

"மூணு சார்."

"பேரு என்னம்மா?"

எனக்கு ஒரே ஆச்சரியம். நம்ம பிள்ளைக்குப் பேர் வச்சிருக்கோம்னு இவருக்கு எப்படித் தெரியும்? நல்ல மனுஷன்னு நினைச்சேன்.

"தர்ஷிகா சார்."

"எப்படிம்மா ஆச்சு?"

"கரை உடைஞ்சு வாய்க்கால் இழுத்துக்கிட்டுப் போயிட்டு சார். அவங்க அப்பா நாலு நாளா மதகு மதகா தேடுறார். கிடைக்கல."

சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துட்டு மேடம். பொய் அழுகை இல்ல. அந்த மஞ்சத்துணி முடிச்சு கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. அந்த சார் என்ன செஞ்சார் தெரியுமா, நாற்காலியை விட்டு எழுந்தார். 'நீங்க உக்காருங்கம்மா'ன்னு அதுல என்னை உக்கார வச்சார். அவர் குடிக்கிற பாட்டில் தண்ணியைக் கொடுத்தார். எனக்காக ஒருத்தர் நாற்காலியை விட்டு எழுந்ததுன்னா, அது அன்னிக்குத்தான். கல்யாணத்துலகூட நின்னுக்கிட்டேதான் இருந்தேன்.

"மரம் சார்"னு மெதுவா சொன்னேன்.

"அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்மா. நீங்க வீட்டுக்குப் போங்க. நான் எழுதிக்கறேன்"ன்னார்.

தலையாட்டிட்டு வந்துட்டேன். எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம், அந்த நேரம் சத்தியமா ஒண்ணும் புரியல. இந்த மனுஷனுக்குத் தென்னையோட அருமை தெரிஞ்சிருக்கேன்னு நினைச்சுக்கிட்டுத்தான் வந்தேன்.

அதுக்கு அஞ்சாம் நாள் மத்தியானம் மூத்தார் ஓடி வர்றார். வேட்டியை மடிச்சுக் கட்டக்கூட இல்ல. பஞ்சாயத்து ஆபீஸ் சுவத்துல லிஸ்ட் ஒட்டியிருக்கு, அதுல நம்ம தர்ஷிகா பேரு இருக்குங்கறார். வெள்ளத்துல போனவங்க லிஸ்ட். எங்க ஊர்ல அந்த ஒரு பேருதானாம்.

"என்ன சொல்லித் தொலைச்சே அங்க?"ன்னார்.

"பிள்ளை போச்சுன்னு சொன்னேன்."

சிரிப்பா வந்துட்டு அவருக்கு. வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறார். அப்புறம் நிறுத்திட்டார். பக்கத்துல இவ மண்ணுல சோறாக்கி விளையாடிக்கிட்டு இருந்தா, அவளைப் பார்த்தார்.

"நீலா, இந்தா பாரு. ஆபீசருங்க பாலத்துகிட்ட வந்துட்டாங்க, ஆறுதல் சொல்ல. அரிசி, போர்வை, பணக்கவர் எல்லாம் இருக்கு. நாம கேக்கல. அவங்களா எழுதினாங்க, அவங்களா கொடுக்கறாங்க. பிள்ளையைக் கொஞ்ச நேரம் உள்ள வை."

"வேணாம் மாமா."

"என்ன வேணாம்? மர லிஸ்ட்டையும் பார்த்துட்டுத்தான் வாறேன். அதுல உன் வீட்டுக்காரன் பேரே இல்ல. முப்பத்தெட்டு மரமும் எவன் கணக்குலயும் இல்ல. தெரிஞ்சுக்க."

ஆமா மேடம். அந்த சார் பிள்ளையை எழுதின துக்கத்துல மரத்தை எழுத மறந்துட்டார். தான் குடிக்கற தண்ணியையே எடுத்துக் கொடுக்கற அளவு இரக்கம் இருந்தா இப்படித்தான் ஆகும்போல.

உள்ள நெல் அவிக்கற அண்டா ஒண்ணு இருக்கு. அவளைத் தூக்கி அதுக்குள்ள உக்கார வச்சேன். கையில ஒரு முறுக்கைக் கொடுத்தேன். 'அம்மா உன் பேரைச் சொல்லிக் கூப்பிடற வரைக்கும் சத்தம் போடக்கூடாது, கண்ணாமூச்சி'ன்னேன். தலையாட்டினா. அதுவும் என்னை மாதிரித்தான், சொன்னாக் கேட்டுக்கும். மேலே தட்டை வச்சு மூடினேன்.

வந்தாங்க. ஒரு ஜீப், ரெண்டு கார். ஒரு அம்மா, பெரிய அதிகாரியா இருக்கணும், என்னைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டாங்க. அவங்க சேலையில வாசனைப் பவுடர் வாசம். நான் அழுதேன். அப்பவும் பொய் அழுகைன்னு சொல்ல முடியல மேடம். உள்ள அது மூச்சு விடுதான்னு நினைச்சுத்தான் அழுதேன். கவரை என் கையில வச்சு, 'படம் இருந்தா கொடும்மா'ன்னாங்க. மூத்தார் அதுக்குள்ள பிறந்தநாள் படத்தை எடுத்து முக்காலியில வச்சு, எங்கேருந்தோ ஒரு சாமந்தி மாலையைக் கொண்டு வந்து போட்டு, விளக்கும் ஏத்திட்டார். புயல்ல பூக்கடையே இல்ல ஊர்ல, அவருக்கு மட்டும் மாலை கிடைச்சுது. எல்லாரும் படத்துக்கு முன்னாடி நின்னு ஒரு நிமிஷம் கண்ணை மூடினாங்க. நானும் மூடினேன். உள்ள முறுக்கு கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டுது. வேற யாருக்கும் கேக்கல.

அவங்க போனதும் உள்ள ஓடி, 'தர்ஷிகா'ன்னு கூப்பிட்டுத் தட்டை எடுத்தேன். வேர்த்துக் குளிச்சு உக்காந்திருந்தா. தூக்கிட்டு வந்து கூடத்துல இறக்கினேன். அவ நேரா அந்த முக்காலிகிட்ட போனா. அவ படம், மாலை, விளக்கு. ஒரே சந்தோஷம். கையைத் தட்டி, "அம்மா, எனக்குப் பூ, எனக்குப் பூ"ங்கறா. அந்த மாலையிலேருந்து ஒரு பூவைக் கிள்ளி அவளே தலையில செருகிக்கிட்டா.

நான் அதைப் பிடுங்கி எறிஞ்சு, அவ முதுகுல ஒரு அடி வச்சேன். அவளுக்கு ஏன் அடிச்சேன்னு தெரியல. எனக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரர் சாயங்காலம் வந்தார். மூத்தார் எல்லாத்தையும் சொன்னார். அவர் மாலையைக் கழட்டி வாய்க்கால்ல எறிஞ்சுட்டு வந்து என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்.

"மூச்சு விட இடம் இருந்துச்சா அவளுக்கு?"

அவ்வளவுதான். அப்புறம் பத்து நாள் என்கிட்ட பேசல.

மறுநாளே ஆபீசுக்குப் போயிச் சொல்லிடறேன்னு சட்டையை மாட்டினார். மூத்தார் வழியை மறிச்சுட்டார். "போ, போயிச் சொல்லு. கவர் வாங்கினது யாரு? உன் பொண்டாட்டி. பொய்க் கேஸ்னு பிடிச்சா யாரைப் பிடிப்பாங்க? உன்னையா?" அவர் என்னைப் பார்த்தார். சட்டையைக் கழட்டிட்டு மண்வெட்டியை எடுத்துட்டுப் போயிட்டார்.

அந்தக் கவரை என்ன செஞ்சோம்னு நீங்க கேக்கல, நானே சொல்றேன். அறுப்பு மிஷின்காரங்களுக்குக் கொடுத்தோம். விழுந்த மரத்தை அறுத்துத் தள்ளாட்டி வேற ஒண்ணும் வைக்க முடியாது. வண்டு விழுந்துடும், நிக்கற மூணையும் தின்னுடும். வெளியூர்லேருந்து மிஷினோட வந்தாங்க, மரத்துக்கு இவ்வளவுன்னு கறாரா கேட்டாங்க. அறுத்ததைச் சூளைக்காரர் லாரியில ஏத்திக்கிட்டார். என்ன கொடுத்தார்னு நினைக்கிறீங்க? டீச் செலவுக்கு வச்சுக்கங்கன்னார். ஊரெல்லாம் மரம் கிடக்கும்போது யார் விலை கொடுப்பா? தாத்தன் வச்ச மரம் செங்கல் வேக வைக்கப் போச்சு, அதை அறுக்கறதுக்குக் கூலி உயிரோட இருக்கற மக பேர்ல வந்த காசு. அவர் இப்ப அந்த மிஷின்காரங்களோடேயே கூலிக்குப் போறார். ஊர் ஊரா அடுத்தவங்க மரத்தை அறுக்கறார். போற ஊர்ல மதகு இருந்தா ஒரு தடவ எட்டிப் பார்த்துட்டு வருவார், இப்பவும்.

ஊருக்குத் தெரியாதான்னு கேக்கறீங்களா? ஊருக்கே தெரியும் மேடம். யாரும் வெளியில சொல்ல மாட்டாங்க. ஆனா என்னைச் சும்மா விட மாட்டாங்க. குழாயடியில குடத்தை வச்சா, "என்ன நீலா, செத்த பிள்ளை தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சா?"ங்கறாங்க. காசாம்பூ அக்கா நல்லவங்கதான். அவங்களே ஒரு நாள், "ஏண்டி, சொன்னதுதான் சொன்னே, என் மாமியார் பேரையும் சேர்த்துச் சொல்லியிருக்கக்கூடாதா?"ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். குடம் பாதியிலேயே தூக்கிட்டு வந்துட்டேன்.

அதுகூடப் பரவாயில்ல. அவ புயலுக்கு முன்னாடி ரெண்டு மாசம் பால்வாடிக்குப் போனா. பேர் கூப்பிட்டா 'உள்ளேன் டீச்சர்'னு தெருவுக்கே கேக்கற மாதிரி கத்துவாளாம். டீச்சர் என்னைப் பார்க்கறப்பெல்லாம் சொல்லுவாங்க, 'உனக்கா இப்படி ஒரு பிள்ளை'ன்னு. எனக்குப் பெருமையா இருக்கும். வீட்டுலயும் அதான் விளையாட்டு. நான் பேரைச் சொல்லணும், அவ உள்ளேன்னு கத்தணும். புயலுக்கப்புறம் கூட்டிட்டுப் போனேன். டீச்சர் நோட்டைக் காட்டினாங்க. அவ பேருக்கு மேலே சிவப்பு மையில ஒரு கோடு. "மேலேருந்து வந்த உத்தரவு நீலா, நான் அடிக்கல. முட்டை கொடுக்கணும்னா என் பங்குலேருந்து கொடுக்கறேன். ஆனா பேர் கூப்பிட முடியாது"ன்னாங்க. மத்த பிள்ளைங்க பேரெல்லாம் கூப்பிட்டாங்க. இவ காத்துக்கிட்டே இருந்தா. கடைசிப் பேரும் முடிஞ்சுது. நோட்டை மூடினாங்க. இவ அப்பவும் வாயைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா.

அன்னிலேருந்து பால்வாடிக்கு அனுப்பல. வெளியில பேர் சொல்லிக் கூப்பிடறதும் இல்ல. 'குட்டி'ம்போம். மூத்தார் உத்தரவு. அவளும் இப்ப சத்தமா பேசறது இல்ல மேடம். முன்னாடி அப்படி இல்ல.

நான் ஒரு பொய் சொல்லிட்டேன் உங்ககிட்ட. இப்பச் சொன்னதுல. எனக்கு ஒண்ணும் புரியலன்னு சொன்னேன்ல, பள்ளிக்கூடத்துல. மேசைகிட்ட நிக்கறப்பப் புரியல, அது நிஜம். ஆனா படி இறங்கினப்பப் புரிஞ்சுது. கடைசிப் படியில காலை வச்சேன், மரத்துக்கு யாராவது பேர் கேப்பாங்களான்னு திடீர்னு உறைச்சுது. திரும்பிப் பார்த்தேன். வரிசை கேட்டு வரைக்கும் நிக்குது. அத்தனை பேரையும் தள்ளிக்கிட்டு முன்னாடி போயி, 'சார், நான் சொன்னது பிள்ளை இல்ல சார், பிள்ளை'ன்னு எப்படிச் சொல்றது? அவர் என்னைப் பைத்தியம்னு நினைப்பார். அதோட, எனக்காக எழுந்து நின்னவர் மேடம். அவர் மறுபடியும் உக்காந்துக்குவாரேன்னு இருந்துச்சு. அவ்வளவுதான் காரணம். பணத்துக்காக இல்ல. பணம் வரும்னே அப்ப தெரியாது. வெட்கப்பட்டுக்கிட்டு வந்துட்டேன். எங்க மூத்தாரைக் குத்தம் சொல்றாங்க ஊர்ல. அவர் பின்னாடி வந்தவர். என் பிள்ளையை முதல்ல அண்டாவுல வச்சது அவர் இல்ல, நான்தான். அந்தக் கடைசிப் படியில வச்சே வச்சுட்டேன்.

என் வீட்டுக்காரருக்குக்கூட இதைச் சொன்னதில்ல.

நேத்து உங்க ஆபீசுலேருந்து போன் வந்துச்சு, மேடம் வர்றாங்க, கையெழுத்தானதும் பெரிய தொகை வந்துடும்னு. மூத்தார் அப்பவே புது வேட்டி கட்டிட்டார். என் வீட்டுக்காரர் இன்னிக்குக் காலையில வேலைக்குக் கிளம்பறப்ப என்கிட்ட வந்து நின்னார். "நீதான் சொன்னே, நீதான் மாத்திச் சொல்லணும். நான் சொன்னா நான் உன்னைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆயிடும்"ன்னார். "உன்னைப் பிடிச்சுட்டுப் போனா?"ன்னேன். இல்ல, என்னைப் பிடிச்சுட்டுப் போனான்னு கேட்டேன், பாருங்க, வார்த்தைகூடக் குளறுது. "நான் பால்வாடிக்குக் கூட்டிட்டுப் போயிக்கறேன், நீ போயிட்டு வா"ன்னார். அவர் விளையாட்டுக்குச் சொன்னாரா நிஜமாச் சொன்னாரான்னு எனக்குத் தெரியல.

இந்தக் கையெழுத்தைப் போட்டா அவளுக்கு இறப்புச் சான்றிதழ் வருமாமே. அப்புறம் ரேஷன் கார்டுலயும் பேரை எடுத்துடுவாங்களாம். அப்ப பள்ளிக்கூடத்துல எந்தப் பேர்ல சேர்க்கறது? நாளைக்கு ஒரு கல்யாணப் பத்திரிகையில என்னன்னு போடறது? மூத்தார் வேற பேர் வச்சுக்கலாம்கறார். பேர் வச்சுக்கலாம். அந்தக் கொடி போட்டு வச்ச பிள்ளைக்கு வேற பேர் வைக்க முடியுமா? நிஜமா போன பிள்ளை அது. அதுக்கு எந்தக் காகிதத்துலயும் ஒரு வரி கிடையாது. இருக்கற பிள்ளைக்கு ஒரு ஃபைலே இருக்கு.

மரத்துக்குப் பணம் வேணாம் மேடம். லிஸ்ட் மூடியாச்சுன்னு தெரியும். கவர்ல வந்ததை மாசாமாசம் திருப்பிக் கட்டிடறோம், கீத்து விக்குது இப்ப, ஊர்ல கூரை இல்லாத வீடுதான் அதிகம். என்னைக் கேஸ் போட்டாலும் சரி. பேருக்கு மேலே இருக்கற அந்தச் சிவப்புக் கோட்டை மட்டும்...

வண்டிச் சத்தம் கேக்குதா? மூத்தாரோட டிவிஎஸ்தான். பாலத்துகிட்ட வந்துட்டார். இன்னும் ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிடறேன். இதைத்தான் சொல்ல முடியாம இவ்வளவு நேரம் சுத்திக்கிட்டு இருக்கேன்.

நீங்க வர்றப்ப அவ இங்கதான் இருந்தா. இதோ இந்த இடத்துல, எனக்கு மட்டை எடுத்துக் கொடுத்துக்கிட்டு. உங்க வண்டி சத்தம் கேட்டுதோ இல்லையோ, நான் ஒண்ணும் சொல்லல, அவளே எழுந்து உள்ள ஓடினா. இப்பல்லாம் எந்த வண்டி வந்தாலும் ஓடிடறா. அண்டாவுல ஏற ஒரு மணையைக்கூட அவளே இழுத்துப் போட்டு வச்சிருக்கா. மாத்திச் சொல்லணும்னு காலையிலேருந்து உருப்போட்டுக்கிட்டு இருந்தவதான் நான். ஆனா அவ பின்னாடியே போனேன். தடுக்கல. தட்டை எடுத்து மூடினது நான்தான். காத்துப் போக ஒரு கொட்டாங்கச்சி முட்டுக் கொடுத்து வச்சேன், என் வீட்டுக்காரர் அன்னிக்குக் கேட்டதிலேருந்து அப்படித்தான் வைக்கிறேன். அதனாலதான் உங்களைக் கிட்ட வரச் சொல்லி இவ்வளவு மெதுவா பேசினேன் மேடம். கூச்சத்துனால மட்டும் இல்ல. பேரைச் சத்தமா சொன்னா வந்துடுவா.

இப்பச் சொல்றேன். நீங்களே கேட்டுக்கங்க. மூத்தார் வர்றதுக்குள்ள.

தர்ஷிகா!

கேட்டுதா? 'உள்ளேன் டீச்சர்'ங்கறா. மூணு மாசம் கழிச்சுக் கத்துறா மேடம், உங்களுக்கும் கேட்டுதுல்ல? இந்தா வாறேன்டி, அம்மா வாறேன், தட்டை நீ தள்ளாத, கையில விழுந்துடும். மேடம், ஒரு நிமிஷம், அவளைத் தூக்கிட்டு வந்துடறேன், நீங்க அதுக்குள்ள பேனாவை எடுத்து அந்த ஃபைல்ல அவ பேருக்கு நேரா